திங்கட்கிழமை குசெரா

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. புனித நூலின் மேல் கைவைத்துச் சொல்வதை இப்போது யாரும் நம்புவதில்லை என்பதால், என் வலது இடுப்பின் மேல் கைவைத்துச் சொல்கிறேன். இடது இடுப்பு மருத்துவமனைக்காரர்கள் பொருத்திய உலோகம். அதன் பேரில் சத்தியம் செய்ய எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. வலது, பிறந்ததிலிருந்து என்னுடையது.

வில்செக் ஊரின் பட்டாளக் கூடத்தில் பதினோரு வருடமாகத் தரை துடைக்கிறேன். தரை துடைப்பவன் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. "ஈரம், பாத்து நடங்க" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு ராணுவ ரகசியத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆகவே நான் எழுதுவது எதுவும் காற்றுவாக்கில் வந்ததல்ல. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நேரில் கேட்டது.

எங்கள் கூடத்தில் இருப்பது வாரக்கடைசிப் பட்டாளம். அறுநூற்றுப் பதினேழாவது குடிநீர்ச் சுத்திகரிப்புக் கம்பெனி. வாரநாட்களில் இவர்கள் லாரி ஓட்டுவார்கள், பன்றி வளர்ப்பார்கள், கல்லூரியில் தூங்குவார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை மாட்டிக்கொண்டு வந்து, ஊருக்குத் தெற்கே உள்ள குளத்துத் தண்ணீரை ராட்சதக் குழாய் வைத்து உறிஞ்சி, ஏழு வடிகட்டிகள் வழியாக அனுப்பி, சோதித்து, மூன்று பேர் கையெழுத்துப் போட்டபின், திரும்ப அதே குளத்தில் கொட்டுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கொட்டுகிறார்கள். குளத்து மீன்கள் சுத்தம் தாங்காமல் பக்கத்து வாய்க்காலுக்குக் குடிபோய்விட்டன. தலைநகரிலிருந்து ஒரு கர்னல் வந்து பார்த்து, மீன்கள் வெளியேறியதைக் கம்பெனியின் சாதனைகளில் ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

டெலேனி குசெரா இந்தப் பட்டாளத்தில் சேர்ந்தது பள்ளிக் கடைசி வகுப்பில் படிக்கும்போது, பள்ளி உணவுக்கூடத்தில். சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் போடுகிற வியாழக்கிழமை அது. கூட்டம் அதிகம் வரும் என்று தெரிந்து சார்ஜென்ட் லுண்டின் அன்றைக்குத்தான் ஆள்சேர்ப்பு மேசை போடுவார். கழுவுதொட்டி அடைத்துக்கொண்டதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசைக்கு மூன்றடி தள்ளி, தொட்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

"என்னவா ஆகணும் உனக்கு?" என்றார் சார்ஜென்ட்.

"நர்ஸ்."

"ஏன் நர்ஸ்?"

"அம்மா முதியோர் இல்லத்துல உதவியாளா இருக்காங்க. வயசானவங்களைப் படுக்கையிலேர்ந்து தூக்க ரெண்டு பேர் வேணும். திங்களும் செவ்வாயும் அம்மா ஒருத்தர்தான். வலது தோள் போயிடுச்சு. நான் நர்ஸ் சான்றிதழ் வாங்கிட்டு அதே ஷிஃப்ட்ல போய் நின்னா ரெண்டாவது ஆள் ஆச்சு."

சார்ஜென்ட் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்பது அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வேலை.

"காலேஜ் செலவு மொத்தமும் எங்களோடது. பதிலுக்கு மாசத்துல ஒரு வாரக்கடைசி, வருஷத்துல ரெண்டு வாரம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா, சார்ஜென்ட்?"

"'அவ்வளவுதான்'ங்கறது ஒப்பந்தத்துல கிடையாது. பிரியமா நானே சேத்துக்கிட்டது."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் பட்டாளச் சின்னம் போட்ட ஒரு சாவி வளையத்தைப் பரிசாகக் கொடுத்தார்.

இரண்டரை வருடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வாரநாட்களில் கல்லூரி, மாதத்தில் ஒரு தடவை குளம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பருவம். அதை முடித்தால் சான்றிதழ். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இரண்டு கடிதம் வேண்டும்: அவள் பயிற்சிக்குத் தவறாமல் வந்தாள் என்று பட்டாளத்திலிருந்து ஒன்று, வகுப்புக்குத் தவறாமல் வந்தாள் என்று கல்லூரியிலிருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பணம் கட்டப்படும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் ஒரு வாரக்கடைசி என்பது நான்கு நாள். இது கேலி இல்லை. காலையில் ஒரு பயிற்சி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பயிற்சி. ஒவ்வொன்றும் ஒரு நாள். சனிக்கிழமை இரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாள். அங்கிருப்பவர்கள் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வரும்போது அடுத்த நாள் தொடங்கியிருக்கும். சம்பளமும் அப்படித்தான் வருகிறது என்பதால் யாரும் சூரியனைப் பார்த்துச் சந்தேகம் கேட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தலைநகரிலிருந்து புதுக் கணினி முறை வந்தது. இரண்டு நாளுக்குள் நான்கு நாள் இருக்க முடியும் என்பதை அந்தக் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை. கூடத்தில் இத்தனை வருடத்தில் அந்தச் சந்தேகம் வந்த முதல் ஆள் அதுதான். அது நான்கு நாளையும் எடுத்து, வரிசையாகப் பரப்பி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று போட்டுவிட்டது. முந்தைய மாதங்களையும் சேர்த்து, கம்பெனி முழுவதும் மாதம் தவறாமல் திங்கள் செவ்வாயும் பயிற்சிக்கு வந்ததாகப் பதிவானது.

லாரிக்காரர்களுக்கும் பன்றிக்காரர்களுக்கும் இதனால் ஒன்றும் ஆகவில்லை. பன்றிகள் வருகைப்பதிவு எடுப்பதில்லை. கல்லூரி எடுக்கும்.

கல்லூரியில் பட்டாள மாணவர்களின் உதவித்தொகையைக் கவனிப்பவர் மிஸஸ் பீஸ்லி. மேசை மேல் மிட்டாய்க் கிண்ணம் வைத்திருப்பார், மூடி ஒட்டியிருக்கும். டெலேனி தனியாகப் போகப் பயந்து என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

"இங்க பாரும்மா," என்றார் மிஸஸ் பீஸ்லி. "பட்டாளத்துக் கடிதப்படி ஒன்பது திங்கள், ஒன்பது செவ்வாய் நீ அங்க இருந்திருக்க. எங்க பதிவுப்படி அதே பதினெட்டு நாளும் இங்க ஆஸ்பத்திரி வார்டுல இருந்திருக்க."

"இங்கதான் இருந்தேன், மேடம்."

"அப்ப பட்டாளத்தை ஏமாத்தியிருக்க. அதுக்கு உதவித்தொகை ரத்து."

"இல்ல, அங்கயும் நான்..."

"அங்க இருந்தேன்னா எங்களை ஏமாத்தியிருக்க. அதுக்குப் பேரையே எடுத்துடுவோம். எது வசதின்னு நீயே யோசிச்சு சொல்லு. உன்னை வற்புறுத்தறதுக்கு நாங்க இல்ல."

"மேடம், அது கம்ப்யூட்டர் போட்ட தப்பு. வாரக்கடைசி நாலு நாள். அதை அது..."

"வாரக்கடைசி ரெண்டு நாள்மா," என்றார் மிஸஸ் பீஸ்லி, குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு இரக்கம் வந்து இழுப்பறையைத் திறந்தார். "ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தவங்களுக்குன்னு ஒரு படிவம் வெச்சிருக்கோம். இந்தக் காலேஜ் மாணவர்களைக் கைவிடாது. ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா கையெழுத்துப் போடணும். கையெழுத்து ஒரே மாதிரி இருக்கக்கூடாது."

படிவத்தை எடுத்துக்கொண்டு பட்டாளக் கூடத்துக்கு வந்தோம். அவள் கேப்டன் ராத்பன் முன்னால் நின்றாள். நான் துடைக்க ஆரம்பித்தேன். கேப்டன் வாரநாட்களில் ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு விற்பவர். வயலில் விழுந்த கட்டி ஆலங்கட்டிதானா, வெறும் பனிக்கட்டியா என்று விவசாயிக்கே சந்தேகம் வரும்படி பேசுவதில் பதினைந்து வருட அனுபவம்.

"அந்தப் பதினெட்டு நாளை அழிச்சுடுங்க, சார்," என்றாள் டெலேனி. "நான் வரல. யாருமே வரல. கூடம் பூட்டியிருந்தது. வேணும்னா ஆர்லினைக் கேளுங்க."

ஆர்லின் என்பது நான். பூட்டியது நான்தான் என்றேன்.

கேப்டன் சார்ஜென்டைப் பார்த்தார். சார்ஜென்ட் கணினியைப் பார்த்தார்.

"குசெரா, நல்லா கேட்டுக்கோ," என்றார் கேப்டன். "பட்டாளத்துல ஒரு தப்பை அழிக்க முடியாது. அழிச்சா தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டதா ஆகும். நாம நேர்மையான ஆளுங்க. நடக்காத தப்பை ஒத்துக்கிட்டா அது பொய். ஆனா அந்தத் தப்புக்கு ஒரு பேரும் ஒரு எண்ணும் குடுத்துட்டோம்னு வை, அப்புறம் அது தப்பு இல்ல. சிப்பாய்."

"புரியல, சார்."

"சனி ஞாயிறு வந்தது நீ. திங்கள் செவ்வாய் வந்தது இன்னொரு குசெரா. ரெண்டு பேரு. படிவத்துல ரெண்டு கையெழுத்து. நான் இருவத்தி ரெண்டு வருஷமா சிப்பாய்ங்களுக்காகவே வாழறவன். உனக்கு ஒரு கஷ்டம்னா இன்னொரு சிப்பாயைக் குடுப்பேனே தவிர உன்னை விடமாட்டேன்."

சார்ஜென்ட் இடதுகையால் இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். அவளைவிட அழகான கையெழுத்து.

அன்றைக்கே திங்கட்கிழமை குசெராவுக்கு இரண்டு சோடி காலணி, ஒரு தலைக்கவசம், பெயர் ஒட்டிய அலமாரி, அலுவலகத்தில் ஒரு நாற்காலி எல்லாம் ஒதுக்கப்பட்டன. நாற்காலியை நான் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும் என்று உத்தரவு. மற்ற நாற்காலிகளுக்கு அப்படி உத்தரவு இல்லை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். போகப்போகச் சிரிப்பது குறைந்தது. திங்கட்கிழமை குசெரா மிக நல்ல சிப்பாய். ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை. காலில் கொப்புளம் என்று சொன்னதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று முகம் சுளித்ததில்லை. உடல்தகுதித் தேர்வில் அவள் ஓடிய நேரத்தைக் கணினி பூச்சியம் என்று காட்டியது. அதைவிட வேகமாக யாரும் ஓடியதில்லை. மார்ச் மாதம் அவளுக்குப் பாராட்டுப் பட்டயம். ஏப்ரலில் கார்ப்பரல் ஆனாள். அதாவது டெலேனிக்கு மேலதிகாரி.

பட்டாளத்தில் மேலானவரிடம் பேசினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி, விறைப்பாக நிற்க வேண்டும். டெலேனி தன் கடிதத்தைப் பற்றிக் கேட்க வரும்போதெல்லாம் அந்த நாற்காலி முன்னால் அப்படி நின்றாள். சார்ஜென்ட் ஐந்து நிமிடம் விட்டு, "கார்ப்பரல் வேலையா இருக்காங்க. அப்புறம் வா" என்பார்.

"சார்ஜென்ட், அங்க யாரும் இல்ல."

"மேலதிகாரியைப் பத்தி அப்படிப் பேசாத, குசெரா. அவங்க உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல."

அது உண்மை.

சிக்கல் கல்லூரிப் பணத்தில் வந்து நின்றது. ஒரு பெயரில் ஓர் ஆளுக்குத்தான் உதவித்தொகை. இரண்டு குசெராக்களில் யாருக்கு என்று தலைநகர் கேட்டது. தகுதிப்படி கொடுங்கள் என்று கேப்டன் எழுதினார். தகுதிப்படி கார்ப்பரலுக்குப் போயிற்று. மிஸஸ் பீஸ்லியும் மகிழ்ந்தார். அவருடைய கோப்பு ஒருவழியாகப் பொருந்தியது. ஆஸ்பத்திரி வார்டுப் பயிற்சி நடப்பது திங்களும் செவ்வாயும் மட்டும்தானே. ஆகவே அதில் டெலேனி வாங்கிய மதிப்பெண் அத்தனையும் உரியவளின் பெயருக்கு மாற்றப்பட்டது. டெலேனியின் பெயரில் சனி ஞாயிறு வருகை மட்டும் மிஞ்சியது. கல்லூரிக்குச் சனி ஞாயிறு விடுமுறை.

"ஒரு பருவம்தான் இருக்கு, ஆர்லின்," என்றாள் என்னிடம். வண்டி நிறுத்துமிடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றாள். "நான் போய் அவ பேர்ல உக்காந்து எழுதிட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப்போகுது? சான்றிதழ் யார் பேர்ல வந்தா என்ன, தூக்கப்போறது என் கைதானே."

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன். இரண்டு வாரம் அவள் கார்ப்பரல் குசெராவாக வகுப்பில் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது.

மழை பெய்யாத, தண்ணீர் கெட்டுப்போன ஒரு தூர தேசத்துக்குப் பதினோரு மாதத்துக்கு ஒரு சுத்திகரிப்பு ஆள் தேவை. கம்பெனியிலேயே சிறந்த சிப்பாயை அனுப்பவும். கணினி ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. கார்ப்பரல் குசெரா.

"அவளை அனுப்புங்க," என்றாள் டெலேனி. குரல் உயரவில்லை. "நீங்க உண்டாக்கின ஆளு. அலமாரியில காலணி இருக்கு. அனுப்புங்க."

"அனுப்பத்தான் போறோம்," என்றார் கேப்டன். "ஒரு சின்ன நடைமுறைக் குறை இருக்கு. அவங்களுக்கு உடம்பு கிடையாது. உன்கிட்ட ஒண்ணு இருக்கு."

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

"நான் போகலன்னா?"

"நீ எங்கயும் போகலையே. உன்னை யாரு கூப்பிட்டா? உனக்கு உத்தரவே இல்ல. போறது அவங்க. நீ உடம்பைத் தரமாட்டேன்னா, மேலதிகாரியோட கடமையைத் தடுத்த குற்றம். ராணுவச் சிறை. அங்க போனாலும் வாரக்கடைசியை நாலு நாளாத்தான் கணக்கு பண்ணுவாங்க, சீக்கிரம் போயிடும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த ஊர்ல ஒரு பொண்ணு காலேஜ் படிச்சு முன்னுக்கு வரணும்னு என்னைவிட ஆசைப்பட்டவன் எவனும் இல்ல."

"அந்தக் கடைசிப் பருவம்?"

"அது பத்திக் கவலையே படாத. போர்க்கடமையில இருக்கறவங்க பரீட்சை எழுத வேண்டியதில்ல. முந்தின நடத்தையைப் பாத்து மார்க் போட்டுடுவாங்க. கார்ப்பரல் நடத்தை பத்தி உனக்கே தெரியும்."

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வழியனுப்பு விழா. பேண்டு வாசித்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் டெலேனி. கேப்டன் மைக்கைத் தட்டிவிட்டுப் பேசினார்: "இளைஞர்கள் கடனில் மூழ்காமல் படிக்க வேண்டும் என்பதே நம் லட்சியம். மூழ்காமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் இல்லாத இடத்துக்குப் போவதே பாதுகாப்பு. அங்கேதான் இவரை அனுப்புகிறோம்." கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் துடைப்பக்காரன்கூடக் கண்ணில் படுவான்.

விழா முடிந்ததும் அவள் அம்மா ஜோலின் கேப்டனிடம் போனாள். வலது கையைத் தூக்க முடியாததால் இடது கையைக் கொடுத்தாள்.

"கேப்டன், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. திரும்பி வரப்போறது எந்தப் பொண்ணு?"

"ரெண்டு பேருக்கும் முழுப் பொறுப்பு எங்களோடது, மேடம். எல்லாப் பேப்பரும் சரியா இருக்கு."

"நான் பெத்தது ஒண்ணு."

"அது எங்க பதிவுல இல்ல, மேடம்," என்றார் கேப்டன், உண்மையான வருத்தத்தோடு.

மே மாதம் கார்ப்பரல் குசெரா முதல் வகுப்பில் தேறினாள். ஜூனில் நர்ஸ் சான்றிதழ் கூடத்துக்குத் தபாலில் வந்தது. சார்ஜென்ட் அதைச் சட்டம் போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டினார். பட்டாளத்தினருக்கு வேலையில் முன்னுரிமை என்பது விதி. ஆகவே முதியோர் இல்லம் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஷிஃப்ட்: திங்கள், செவ்வாய்.

அதுவரை அந்த இரண்டு நாளுக்கு ஆள் தேடி இல்லத்தின் வாசலில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. இடம் நிரம்பிவிட்டதால் அதைக் கழற்றிவிட்டார்கள். தூக்குவதற்கு இரண்டு பேர் இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. அந்த ஜூலையில் ஜோலின் இடது தோளாலும் தூக்கப் பழகிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒருநாள் மதியம் கூடத்துத் தொலைபேசி அடித்தது. சார்ஜென்ட் சாப்பிடப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

"ஆர்லின்? நீங்களா?" மணல் கொட்டுவதுபோல ஓர் இரைச்சலுக்குள் டெலேனியின் குரல். "பரீட்சை என்னாச்சு?"

"பாஸ் பண்ணிட்டே."

"நான் இல்ல. அவ."

"ஆமா. அவ. முதல் வகுப்பு."



"வேலை?"

"கிடைச்சுது. நீ கேட்ட அதே ஷிஃப்ட்."

"அப்ப திங்கக்கிழமை அம்மாகூட..."

"பட்டியல்ல பேர் இருக்கு."

அவள் புத்திசாலிப் பெண். மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆர்லின், இங்க பதினோரு மாசம்னு சொன்னதை நீட்டிச்சுட்டாங்க. எவ்வளவுன்னு சொல்லல. அம்மா தோள் எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

தேவலாம் என்றேன். நான் சொன்னது பொய். ஆனால் அதை நான் சொன்னேன் என்பது உண்மை. என் சத்தியத்தில் குறையில்லை.

"சரி," என்றாள். "இங்க என்னைக் கார்ப்பரல்னுதான் கூப்பிடறாங்க. முதல்ல திரும்பிப் பாக்க மாட்டேன். இப்ப பாக்கறேன்." இணைப்பு அறுந்துபோயிற்று.

ஒன்றே ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் மாவட்டத்தில் கல்லூரி கிடையாது, ஒருபோதும் இருந்ததில்லை. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் அலுவலகம்தான் மூன்று இருக்கிறது. மிஸஸ் பீஸ்லியின் மேசையும் மிட்டாய்க் கிண்ணமும் இருந்தது அவற்றில் ஒன்றில்தான்.